எழுத்துருப் பூட்டும் வலைச்செயலியும்: தமிழ்ச் சிறு மென்பொருள் தொழிலின் வரலாறு (1985–2010)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் மாநாடுகளையும் அரசாணைகளையும் மையமாகக் கொண்டு எழுதப்படுகிறது. தனியாளாகவோ சிறு நிறுவனமாகவோ நின்று தமிழ் மென்பொருள்களை உருவாக்கியோர் எவ்வாறு பொருளீட்டினர் என்னும் வினா அதில் எழுவதில்லை. குறியாக்கம் பொதுமைப்பட்டது தமிழுக்குப் பெருநன்மை செய்தது. அதுவே தமிழ் மென்பொருளை விற்று வாழும் வழியைச் சுருக்கியது. இதன் விளைவு ஆய்வாளர்களின் பழைய கோப்புகள் வரை நீள்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்க் கணிமை, குறியாக்கம், ஒருங்குறி, வலைச்செயலி, சிறு மென்பொருள் நிறுவனம்.

1. முன்னுரை

மருங்காபுரி ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்து, 2000ஆம் ஆண்டையொட்டித் தம் ஆய்வேட்டை டி.டி.பி. மையம் ஒன்றில் தட்டச்சு செய்வித்த மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆய்வேட்டின் அச்சுப்படி நூலகத்தில் இருக்கும். அதன் மின்கோப்பு இன்று கிடைத்தாலும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அதைப் படிக்க இயலாது. பாமினி எழுத்துருவில் அமைந்த கோப்பாயின், 'தமிழ்' என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தோன்றும். இந்நிலை ஏன் நேர்ந்தது, அதிலிருந்து மீட்கும் கருவிகளை யார் செய்தனர், அவர்களின் தொழில் என்னவாயிற்று என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

2. எழுத்துருவே பூட்டு

எட்டு பிட் கொண்ட குறியாக்கத்தில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கட்டளைகளுக்கும் உரியவை. எஞ்சிய இடங்களில் 247 தமிழ் எழுத்துகளை அடக்க இயலாமையால், எழுத்துகளைத் துண்டுகளாக்கி வைக்க நேர்ந்தது. சிலர் மேற்பாதி இடங்களைப் பயன்படுத்தினர். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தின. எந்தத் துண்டு எந்த இடத்தில் அமையும் என்பதை ஒவ்வொரு படைப்பாளரும் தாமே முடிவு செய்தார்.

1980களில் கனடாவில் கு. சீனிவாசன் ஆதமி என்னும் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் தமிழ் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி கணியன் என்னும் எழுத்துருவை உருவாக்கி, 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றுவதில் முன்னின்றார். இவர்களுள் இருவர் மென்பொருளை வாழ்வாதாரமாகக் கொண்டவர் அல்லர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

விற்பனைக்கு வந்த மென்பொருள்களைப் பொறுத்தவரை, தனிக்குறியாக்கம் தொழில்நுட்பத் தேவையாக மட்டும் நிற்கவில்லை. அது வணிகக் காப்பாகவும் அமைந்தது. ஓர் அச்சகம் ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ஆயிரம் பக்கங்களைச் சேர்த்துவிட்டால், வேறு நிறுவனத்திடம் செல்வது எளிதன்று. அவ்வகையில், ஒவ்வோர் எழுத்துருவும் அதில் எழுதப்பட்ட உரைக்கு ஒரு பூட்டாயிற்று.

3. பூட்டைத் திறந்தவர்கள்

மின்னஞ்சல் பரவியபோது இப்பூட்டு தாங்கவொண்ணாத் தடையாயிற்று. அனுப்புநரும் பெறுநரும் ஒரே எழுத்துருவை வைத்திருந்தாலன்றித் தமிழில் மடலாட இயலவில்லை. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழிணைய மாநாடு கூடியது. அதனையடுத்துப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் தகுதரம் எனப்படும் திஸ்கிக் குறியாக்கத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாக, தாம், தாப் ஆகிய குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு அவ்வாண்டு ஜூனில் ஏற்றது. 2000இல் உத்தமம் அமைப்பு உருவாயிற்று.

யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் வந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது.

இங்கு நோக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. பொதுக் குறியாக்கத்திற்காக உழைத்தோருள் சொந்தக் குறியாக்கம் வைத்திருந்த படைப்பாளர்களும் இருந்தனர். தம் வணிகக் காப்பைத் தாமே தளர்த்தியவர்கள் என்று அவர்களைக் கூறலாம். இயங்குதளத்திலேயே எழுத்துரு கிடைத்தபின் அதனை விலைகொடுத்து வாங்குவோர் குறைந்தனர். நிலைத்தவர்கள் வாடிக்கையாளரை மாற்றிக்கொண்டனர். முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு 2005இல் ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டே அவரது செல்லினம் கைப்பேசிக்கு வந்தது. தமிழில் எழுதுவோரிடம் பெட்டியில் விற்ற காலம் போய், கருவி செய்வோருக்கு உழைக்கும் காலம் வந்தது.

4. வலைச்செயலியும் தனியாளும்

பழைய உரைகளை ஒருங்குறிக்கு மாற்றுவது எழுத்துக்கு எழுத்து இடம்பெயர்ப்பது மட்டுமன்று. பழைய எழுத்துருக்களில் 'கெ' என்பதன் ஒற்றைக் கொம்பு ககரத்திற்கு முன் பதிவாகும். ஒருங்குறியில் அது பின் வரும். 'கொ' மூன்று துண்டுகளாகக் கிடக்கும். அவற்றைத் திரட்டி வரிசை மாற்ற வேண்டும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் இதற்குத் தனி அட்டவணை தேவை.

செருமனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் பொங்குதமிழ் என்னும் மாற்றியை உலாவியிலேயே இயங்கும் வலைச்செயலியாக அமைத்தார். நிறுவ வேண்டியதில்லை, பழைய உரையை ஒரு கட்டத்தில் ஒட்டினால் மறு கட்டத்தில் ஒருங்குறி உரை கிடைக்கும். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம், செய்தியோடைகளைப் படித்துத் தமிழ் வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டியது. பெட்டிமென்பொருளின் செலவு பெரும்பாலும் அதை உருவாக்கும்போது முடிந்துவிடும். வலைச்செயலிக்கோ வழங்கி வாடகை, தளப்பெயர்க் கட்டணம், பழுது பார்த்தல், உலாவி மாறுந்தோறும் திருத்தம் என நாள்தோறும் செலவு உண்டு. கட்டணமின்றி வழங்கும் தனியாளுக்கு இச்செலவை ஈடுசெய்ய வருவாய் இல்லை. தமிழ்மணம் பின்னர் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் சென்றது இவ்வகையில் பொருள் பொதிந்தது. பிற பணிகளுள் பல ஒருவரின் ஓய்வுநேரத்தையும் கைப்பணத்தையும் சார்ந்தே நின்றன.

5. வருவாய் ஈட்டிய வலைச்செயலிகள்

அதே காலத்தில் தமிழ்நாட்டில் வலைச்செயலி செழிப்பான தொழிலாகவும் வளர்ந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றி, வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை விற்ற நிறுவனம், 2005இல் ஜோஹோ என்னும் பெயரில் வலைச்செயலிகளை வெளியிட்டது. 2009இல் நிறுவனமே அப்பெயர் பெற்றது. வெளி முதலீட்டை நாடாமல் வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்தையே அது சார்ந்து நின்றது. அங்குப் பணியாற்றிய திருச்சிராப்பள்ளிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம், 2010இல் சென்னையில் பிரெஷ்டெஸ்க் நிறுவனத்தை ஒரு நண்பருடன் தொடங்கினார். அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரக் கல்விக்கூடம் ஒன்று. மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயரைத் தாங்கியவரின் நிறுவனம் துணிகர முதலீட்டின் வழியே வளர்ந்து, 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தையை அடைந்தது.

இவ்விரு நிறுவனங்களின் வழிகள் வேறு, அடிப்படை ஒன்றே. திங்கள்தோறும் கட்டணம் செலுத்தும் உலகளாவிய வணிகர்களே இவற்றின் வாடிக்கையாளர். தமிழ் மாற்றியைப் பயன்படுத்துவோரோ ஆய்வு மாணவர், ஆசிரியர், சிற்றிதழாளர் ஆகியோர். அவர்களின் தேவை ஒருமுறை எழுந்து அடங்குவது. ஆகவே தமிழ்க் கருவிகளின் நலிவுக்குத் திறமைக் குறைவைக் காரணமாகக் கூற இயலாது. பயன்படுத்துவோர் பலராயினும் பணம் தருவோர் இல்லாமையே காரணம்.

6. முடிவுரை

பூட்டு இருந்தவரை தமிழ் மென்பொருள் விற்பனைப் பொருளாக இருந்தது. பூட்டு திறந்தபின் அது பொதுச்சொத்தாயிற்று. ஆனால் அப்பொதுச்சொத்தைக் காக்கும் பொறுப்பு எவருக்கும் வகுத்தளிக்கப்படவில்லை. ஊர்ப்பொதுக்குளத்தைக் காக்கக் குடிமராமத்து இருந்தது போன்ற ஏற்பாடு இதற்கு இல்லை.

இதனால் ஆய்வுலகிற்கு இரு கடமைகள் எழுகின்றன. பல்கலைக்கழக நூலகங்கள் பழைய எழுத்துருக்களையும் அவற்றுக்குரிய மாற்று அட்டவணைகளையும் உரிமையாளர் இசைவுடன் ஆவணமாகச் சேமித்தல் வேண்டும். ஆதமி, முரசு, பொங்குதமிழ் போன்றவற்றை உருவாக்கியோரின் பணி வரலாறு, கணக்கு வழக்கு உட்பட, வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்யப்பட வேண்டும். முதற்கடமை தவறினால் ஒரு தலைமுறையின் ஆய்வேடுகள் அச்சுப்படியாக மட்டுமே எஞ்சும். இரண்டாவது தவறினால், அவை எதனால் மறைந்தன என்பதைச் சொல்லவும் சான்று இராது.