மேடையில் கலை, தெருவில் குற்றம்

மலாயாத் தோட்டங்களில் கோயில் திருவிழா வந்தால் விடிய விடிய நாடகம் நடக்கும். வள்ளியாகவும் சந்திரமதியாகவும் புடவை கட்டி மேடையேறியவர், அன்று காலையில் பால்மரம் சீவிய ஆண்தான். அதில் யாரும் குறை கண்டதில்லை. தமிழகத்திலும் அதே மரபு. சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த பாய்ஸ் கம்பெனி வழியில் பெண்வேடமிடும் ஸ்திரீபார்ட் நடிகருக்குத் தனி மவுசு இருந்தது. சிவாஜி கணேசன் சிறுவனாக ஏற்ற வேடங்களில் சீதையும் ஒன்று. டி.கே. சண்முகம் கிழவி வேடத்தில் காட்டிய தேர்ச்சியால் கடைசிவரை 'ஔவை' சண்முகமாகவே அறியப்பட்டார். ஆணாகப் பிறந்தவர் பெண்ணுடை அணிவதைத் தமிழர் பொறுக்கமாட்டார்கள் என்ற பேச்சை இந்த வரலாறே மறுக்கிறது. பொறுத்தார்கள், ரசித்தார்கள். ஆனால் விடிந்ததும் புடவையைக் களைந்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். களைய மறுத்தவருக்கு, இதுதான் நான் என்று சொன்னவருக்கு, மேடையிலும் இடமில்லை, தோட்டத்து லயன் வீடுகளிலும் இடமில்லை. அந்த நிபந்தனையைக் கலைத்திறமை மட்டும் உடைக்கவில்லை. திருநங்கை ஒருவர் நடிகையாக நிற்பதற்கே முதலில் போராளியாக வேண்டியிருந்தது.

கல்கி சுப்பிரமணியத்தின் வாழ்க்கை இதற்குச் சான்று. பொள்ளாச்சியைச் சேர்ந்த கல்கி 2008-இல் திருநங்கையருக்காக 'சகோதரி' அமைப்பைத் தொடங்கினார். தமிழக அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்ததும் அதே ஆண்டில்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 2011-இல், விஜயபத்மா இயக்கிய 'நர்த்தகி' படத்தில் அவர் முதன்மை வேடம் ஏற்றார். திருநங்கையின் கதையில் திருநங்கையே நாயகி. போராட்ட இயக்கம் முன்னே வந்தது, சினிமா வாய்ப்பு பின்னே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே 2011-இல்தான் 'காஞ்சனா'வும் வெளியானது. அதில் திருநங்கையாக வந்தவர் சரத்குமார். எந்தப் படத்தைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 'சூப்பர் டீலக்ஸ்' வந்தது. அதில் திருநங்கை ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது.

கூடுவிட்டுக் கூடு பாய்வதுதானே நடிப்பு, திருநங்கை வேடத்தில் திருநங்கைதான் நடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கதவு இரு பக்கமும் திறந்திருந்தால் நானும் அதை ஒப்புக்கொள்வேன். சரத்குமார் திருநங்கையாகலாம் என்றால், கல்கி ஓர் அண்ணியாகவோ ஆசிரியையாகவோ வரலாம் அல்லவா? அப்படி யாரும் அழைப்பதில்லை. அவர்களுக்கு ஒதுக்கியது ஒரே வேடம், அதையும் பெரிய நடிகர் எடுத்துக்கொள்கிறார். அந்த ஒரு வேடத்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 2015-இல் வந்த 'ஐ' படத்தில் ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தில் நடித்த ஓஜஸ் ரஜானி, நிஜத்திலும் திருநங்கை, நிஜத்திலும் ஒப்பனைக் கலைஞர். ஆனாலும் அந்தப் பாத்திரம் கேலிக்கும் அருவருப்புக்கும் பயன்பட்டது. அதை எதிர்த்துச் சென்னையில் தணிக்கை அலுவலகத்தின் முன் திரண்டவர்கள் திருநங்கைகளே.

சென்னையில் எடுக்கும் படம் அதே வாரம் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஓடுகிறது. படத்தோடு அந்தக் கேலியும் வந்து இறங்குகிறது. ஆனால் அரங்கைவிட்டு வெளியே வரும் திருநங்கைக்கு இங்கே காத்திருக்கும் சட்டம் வேறு. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் 1997-ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பொது இடத்தில் பெண்ணுடை அணிந்து ஒழுக்கக்கேடான நோக்கத்தோடு பெண்ணாக நடமாடும் முஸ்லிம் ஆணுக்கு 1000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. கிள்ளான் இருக்கும் சிலாங்கூரில் சிறைக்காலம் ஆறு மாதம் வரை. நெகிரி செம்பிலானில் அந்த நோக்கம்கூடத் தேவையில்லை, உடையே போதும். மலேசியத் திருநங்கை நிஷா ஆயுப் 2000-ஆம் ஆண்டில் இத்தகைய வழக்கில் மூன்று மாதம் ஆண்கள் சிறையில் அடைபட்டார். பின்னாளில் கோலாலம்பூரில் திருநங்கையருக்கான 'சீட்' அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 2016-இல் அமெரிக்க அரசின் வீரப் பெண்மணி விருதைப் பெற்றார். ஆனால் 2018-இல் ஜார்ஜ்டவுன் விழாவின் கண்காட்சியிலிருந்து அவருடைய படம் அகற்றப்பட்டது. இந்த நாட்டில் ஒரு திருநங்கையின் முகம் சுவரில் தொங்குவதற்கே அத்தனை எதிர்ப்பு.

இது முஸ்லிம்களின் சட்டம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழருக்கு இதில் என்ன என்று ஒதுங்குவோர் உண்டு. ஒதுங்க முடியாது. முஸ்லிம் அல்லாத திருநங்கைகள்மீது 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தைப் பாய்ச்சியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கதவடைப்பு அடையாள அட்டை. அதன் பன்னிரண்டு எண்களில் கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வங்கி, மருத்துவமனை, வேலைக்கான நேர்முகம் என்று எங்கே போனாலும் அந்த ஓர் எண் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண் ஒருவருக்கு அதை மாற்றித்தர உத்தரவிட்டார். 2016-இல் திருநம்பி ஒருவரின் வழக்கில் நீதிபதி எஸ். நந்தபாலனும் அப்படியே தீர்ப்பளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நெகிரி செம்பிலானின் உடைச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் இதே வழியில்தான் போனது. 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்றார்கள். 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை தவறு என்று சொல்லி அதைத் தள்ளியது. உடைச் சட்டம் மனித மாண்புக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அங்கே பதில் வரவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அப்படி ஒரு தரை அங்கே இருப்பதால், கல்கிக்குப் பின் வந்தவர்களால் வாய்ப்பை உரிமையாகக் கேட்க முடிகிறது. இங்கே அந்தத் தரை இல்லை. எனவே படமெடுப்பவர்களின் பொறுப்பு கூடுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழ்க்கையைத் தீபக் குமாரன் மேனன் 2007-இல் 'சலங்கை' படத்தில் காட்டினார். 2015-இல் வந்த 'ஜகாட்' மலேசியாவின் சிறந்த படம் என்ற விருதையே பெற்றது. நம் தெருக்களை நம்மால் நேர்மையாகப் படம்பிடிக்க முடியும் என்பதற்கு இவை போதும். அந்தத் தெருக்களில் திருநங்கைகளும் நடக்கிறார்கள், பூ வாங்குகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். கோலாலம்பூரில் தமிழ் நாடகமும் படமும் எடுப்பவர்களே, அடுத்த முறை நடிகர் தேர்வுக்கு அவர்களையும் அழையுங்கள். திருநங்கை வேடத்துக்கு மட்டும் அழைக்காதீர்கள். அம்மா வேடத்துக்கும் அழையுங்கள்.