அமேசானின் கருமண்

அமேசான் காட்டின் பசுமையைப் பார்த்துவிட்டு, அதன் மண்ணும் செழிப்பானது என்று முடிவு கட்டியவர்கள் பலரும் ஏமாந்திருக்கிறார்கள். ஆற்றுப் படுகையை விட்டு விலகினால் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் கிடப்பது மஞ்சளும் சிவப்புமான பழங்களிமண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, அதிலிருந்த சுண்ணாம்பையும் பொட்டாசியத்தையும் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது புளித்த மண். அதிலுள்ள அலுமினியம் பயிர்களின் வேரைக் கருக்கும். காட்டின் சத்தில் பெரும்பங்கு மரங்களிலும் அவை உதிர்க்கும் சருகிலும்தான் இருக்கிறது.

இந்த வறிய மண்ணின் நடுவே, ஆறுகளைப் பார்த்த மேட்டுக்கரைகளில், கன்னங்கரேலென்ற திட்டுகள் தென்படுகின்றன. பிரேசில் உழவர்கள் இவற்றை டெர்ரா பிரேட்டா என்பார்கள். பெரும்பாலானவை சில ஏக்கர் அளவே. வேறு சில திட்டுகள் பல பத்து ஹெக்டேர் விரிந்தவை. கருமை சில இடங்களில் 2 மீட்டர் ஆழம்வரை இறங்குகிறது. குழி தோண்டி அதன் பக்கச் சுவரைச் சுரண்டினால் பானை ஓடுகளும், மீன்முள்ளும், ஆமையோட்டுத் துணுக்குகளும், எண்ணற்ற கரித்துண்டுகளும் உதிர்கின்றன. எரிமலைச் சாம்பல் படிந்தது, வற்றிய ஏரியின் வண்டல் என்றெல்லாம் ஒரு காலத்தில் விளக்கம் சொன்னார்கள். அடிமட்டம்வரை கலந்து கிடக்கும் பானை ஓடுகளுக்கு அந்த விளக்கங்களில் இடமில்லை. இவை பழங்குடி ஊர்கள் இருந்த இடங்கள். பெரும்பாலானவை ஏறத்தாழ 2,500 முதல் 500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

அடுப்புச் சாம்பல், மரவள்ளித் தோல், மீன் கழிவு, எலும்பு, மலம் எல்லாம் வீட்டுக்குப் பின்புறம் குவிந்தன. எலும்பும் மீன்முள்ளும் பாஸ்பரசையும் கால்சியத்தையும் தந்தன. சாம்பல் புளிப்பைத் தணித்தது. ஆனால் மழைக்காட்டு மண்ணில் சத்து எளிதில் நிலைப்பதில்லை. அதைப் பிடித்து வைத்தது கரி. முழுதாக எரியாமல் புகைந்து அணைந்த விறகின் கரி எளிதில் மட்காது; நூற்றாண்டுகள் கிடக்கும். நாளாக ஆக அதன் மேற்பரப்பு காற்றோடு வினைபுரிந்து, சத்துகளை ஈர்த்து வைக்கும் தன்மையைப் பெறுகிறது. அக்கம்பக்கத்து மண்ணைவிடச் சில இடங்களில் 70 மடங்குவரை கரி இந்தக் கருமண்ணில் இருப்பதாக அளந்திருக்கிறார்கள்.

இது குப்பை கொட்டியதால் தானாக விளைந்ததா, தெரிந்தே செய்ததா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. மேல் சிங்கு ஆற்றுப் பகுதியில் வாழும் குயிகுரோ மக்கள் இன்றும் இத்தகைய மண்ணை உண்டாக்குகிறார்கள். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவர்கள் ஊரின் குப்பைமேடுகளையும் அப்பகுதிப் பழைய ஊர்களின் கருமண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டும் மிக நெருங்கியே இருந்தன. மண் வலுவில்லாத இடத்தில் சாம்பலையும் மரவள்ளிக் கழிவையும் போட்டு, சில ஆண்டுகள் பொறுத்திருந்து நடுவது அவர்கள் வழக்கம். எல்லாத் திட்டுகளும் இப்படித்தான் உருவாயின என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் தற்செயல் மட்டுமே என்ற வாதம் இதன்பின் வலுவிழக்கிறது.

அந்தப் பழைய ஊர்கள் இருந்தது இரும்புக் கோடரி இல்லாத காலத்தில். கல் கோடரியால் ஒரு பெருமரத்தைச் சாய்ப்பது பெரும்பாடு. ஆகவே ஆண்டுக்காண்டு புதுக்காடு அழிப்பதைவிட, வளப்படுத்திய நிலத்தையே தொடர்ந்து பேணுவதுதான் அவ்வூர் மக்களுக்குக் கட்டுப்படியாகியிருக்கும். வெட்டி எரித்து இடம் மாறும் சாகுபடி பரவலானதே ஐரோப்பிய இரும்பு வந்த பிறகுதான் என்று புவியியலாளர் வில்லியம் டெனெவன் வாதிட்டார்.

காட்டையும் அவர்கள் சும்மா விட்டுவைக்கவில்லை. வேண்டாத செடியைக் களைந்து, வேண்டிய கன்றுக்கு வெளிச்சம் கொடுத்து, விதைகளை இடம்விட்டு இடம் கொண்டுசென்றார்கள். பிரேசில் கொட்டை மரம், கோக்கோ, அசாயி பனை ஆகியவை இப்படிப் பேணப்பட்டவை. அமேசானின் 85 வளர்ப்பு மர இனங்களை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, மற்ற மரங்களைவிட இவை காட்டில் மிகுந்து காணப்படும் வாய்ப்பு 5 மடங்கு என்றும், பழைய ஊர்களை நெருங்க நெருங்க இவற்றின் எண்ணிக்கை கூடுகிறது என்றும் காட்டியது.

1542-இல் ஸ்பானியப் பயணி பிரான்சிஸ்கோ தே ஒரெயானாவின் படகுகள் அமேசான் வழியே கடலை அடைந்தன. உடன்சென்ற பாதிரியார் காஸ்பர் தே கார்வஹால் கரையோரம் நெருக்கமான ஊர்களைக் கண்டதாக எழுதினார். பின்வந்தவர்கள் அதைக் கட்டுக்கதை என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் அம்மையும் பிற நோய்களும், அடிமை வேட்டையும் அந்த மக்களில் பெரும்பாலோரை அழித்துவிட்டிருந்தன. ஊர்கள் இருந்த இடத்தைக் காடு மூடிக்கொண்டது. அதையே மனிதக் கை படாத காடு என்று உலகம் நம்பியது. அந்த நம்பிக்கை பழங்குடிகளுக்கு இழைத்த அநீதி கொஞ்சமல்ல.

டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966-இல் வெளியிட்ட நூல் கருமண் மீது அறிவியல் உலகின் கவனத்தைத் திருப்பியது. கரியை மட்டும் நிலத்தில் இட்டு அதே வளத்தைக் கொண்டுவரலாம் என்ற முயற்சிகள் பின்னர் பல நாடுகளில் நடந்தன. பலன் இடத்துக்கு இடம் வேறுபட்டது. கரி சத்தைப் பிடித்து வைக்குமே தவிர, அதிகம் கொடுக்காது. அமேசானில் அதைக் கொடுத்தவை, தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் அந்தக் கரியோடு சேர்த்துப் போட்ட எலும்பும் சாம்பலும் சமையற்கழிவும்தான்.