ஐ.பி. முகவரியும் 50 நாள் சிறையும்

2007 ஆகஸ்டில் பெங்களூரில் இருந்த ஒரு கணினிப் பொறியாளரை புனே போலீஸ் வந்து கைது செய்தது. ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தினார் என்பது புகார். ஆதாரம்? ஒரே ஒரு ஐ.பி. முகவரி! சுமார் 50 நாட்கள் எரவாடா சிறையில் இருந்தார். இணைய நிறுவனம் வேறொருவருக்குப் பதில் இவருடைய விவரத்தைக் கொடுத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

நண்பர்களே, ஐ.பி. முகவரி நம் பெயர் அல்ல. 1981-இல் வகுத்த விதிப்படி அது 32 பிட் எண். மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகத்துக்குப் போதுமா? அதனால் காலையில் எனக்கு வந்த எண் மாலையில் உங்களுக்கு வரலாம் (ஹாஸ்டல் வாளி மாதிரிதான்). இப்போது செல்போன் இணையத்தில் ஒரே நேரத்தில் பலர் ஒரே எண்ணில் இருக்கிறார்கள். எந்தத் தேதி, எந்த நொடி என்று சரியாகப் பார்க்காவிட்டால் பழி அடுத்தவர் தலையில்தான்.

நாம் போகும் தளத்துக்கு நம் ஊரும் இணைய நிறுவனமும் ஓரளவு தெரியும், பெயர் தெரியாது. பெயர் இருப்பது நிறுவனத்தின் பதிவேட்டில். வி.பி.என். போட்டால் தளத்திடமிருந்து நம் எண் மறையும், ஆனால் வி.பி.என். நிறுவனத்துக்குத் தெரியும். அவர்களும் வாடிக்கையாளர் பெயரையும் கொடுத்த எண்ணையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் உத்தரவு போட்டது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.