கொடை ஆய்வும் அதன் விருதுகளும்

கொடையையும் இலாப நோக்கற்ற அமைப்புகளையும் பற்றிய ஆய்வு அமெரிக்காவில் தனித்துறையாகத் திரண்டது 1970-களுக்குப் பிறகுதான். அதற்கான விருதுகள் இன்னும் பின்னால் வந்தவை. கார்னெகி நிறுவனம் 1911-லும் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 1913-லும் தோன்றிவிட்டன. ஆனாலும் கொடுக்கும் அமைப்புகளே ஆய்வுக்குரியவை என்று பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் எண்ணவில்லை. 1956-இல் ரஸல் சேஜ் அறக்கட்டளை பிரின்ஸ்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டிக் கொடையின் வரலாற்றை எழுதுமாறு அறிஞர்களைத் தூண்டியது. மெர்ல் கர்ட்டி போன்ற வரலாற்றாசிரியர்கள் அதில் ஈடுபட்டார்கள். ராபர்ட் பிரெம்னரின் சிறிய, செறிவான நூல் 1960-இல் வெளிவந்தது. வரலாற்றாசிரியர்களின் வட்டத்தைத் தாண்டி அந்த ஆர்வம் அதிகம் பரவவில்லை.

துறையை உண்மையில் உந்தியது சந்தேகம். பெரும் செல்வர்கள் வரியிலிருந்து தப்பவே அறக்கட்டளைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று டெக்சாஸைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ரைட் பேட்மன் 1960-கள் முழுவதும் குற்றம்சாட்டி வந்தார். 1969-இன் வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளின் முதலீட்டு வருமானத்துக்கு 4 சதவீத வரி விதித்தது. ஆண்டுதோறும் குறைந்தபட்சத் தொகையைச் செலவிட்டே ஆக வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. அறக்கட்டளைகள் தங்களைக் காத்துக்கொள்ள வாதாடியபோது ஒரு குறை அப்பட்டமாகத் தெரிந்தது: யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள், வரிச்சலுகை இல்லாவிட்டால் கொடை குறையுமா என்பவற்றுக்கெல்லாம் நம்பத்தகுந்த விடை எவரிடமும் இல்லை.

அந்த விடைகளைத் தேடவே மூன்றாம் ஜான் டி. ராக்கஃபெல்லரின் முயற்சியால் 1973-இல் ஃபைலர் குழு அமைந்தது. காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஜான் ஃபைலர் அதற்குத் தலைமை ஏற்றார். 1975-இல் குழுவின் அறிக்கை வந்தது. குழு எழுதுவித்த ஆய்வுக் கட்டுரைகளை அமெரிக்க நிதித்துறை 1977-இல் பல தொகுதிகளாக வெளியிட்டது. அறிக்கையைவிட இந்தத் தொகுதிகளே நீடித்த பயன் தந்தன என்று சொல்லலாம். பொருளியலாளர் பர்ட்டன் வைஸ்பிராட், அரசு பெரும்பான்மையின் தேவையை மட்டும் நிறைவேற்றும்போது எஞ்சியவர்களின் தேவையைத் தன்னார்வ அமைப்புகள் நிறைவேற்றுகின்றன என்று விளக்கினார். வாங்கும் சேவையின் தரத்தை மக்களால் அளக்க முடியாத இடத்தில், இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாத அமைப்பையே அவர்கள் நம்புகிறார்கள் என்று ஹென்றி ஹேன்ஸ்மன் 1980-இல் எழுதினார். அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் நடந்துவந்தது.

இதற்கு இணையாக, சமூகவியலாளர் டேவிட் ஹார்ட்டன் ஸ்மித் 1971-இல் தன்னார்வச் செயல் அறிஞர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதற்கு ஓர் ஆய்விதழும் வந்தது. பின்னாளில் அர்நோவா என்ற பெயர் பெற்றது இந்தச் சங்கம்தான். அதன் உறுப்பினர்கள் சமூகவியல், பொருளியல், சட்டம், சமூகப் பணி, பொது நிர்வாகம், வரலாறு எனப் பல துறைகளில் சிதறியிருந்தார்கள். கொடையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய மாணவருக்குச் சொந்தத் துறையில் அதை மதிப்பிடத் தெரிந்தவர்கள் அரிது. வேலை தேடும்போதும் அது ஓரத்து விஷயமாகவே பார்க்கப்பட்டது. சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வழங்கப்படும் விருதுகள் இந்த இடைவெளியை நிரப்பின. அவற்றுள் மூத்த அறிஞரின் வாழ்நாள் பணிக்கான விருது மரியாதை சேர்ப்பது. சிறந்த ஆய்வேட்டுக்கான விருதோ ஓர் இளைஞரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றக்கூடியது. இரண்டில் கனமானது இதுவே.

அந்த ஆய்வேட்டு விருது கேப்ரியல் ரட்னியின் நினைவாக வழங்கப்படுகிறது. அவர் அமெரிக்க நிதித்துறையில் வரிப் பகுப்பாய்வு செய்தவர், ஃபைலர் குழுவின் ஆய்வுப் பணிகளை நடத்தியவர். இலாப நோக்கற்ற துறையில் எவ்வளவு பணம் புழங்குகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று முதலில் கணக்கிட்டவர்களுள் ஒருவர். அரசு ஆவணங்களில் தொடங்கிய கேள்வி பல்கலைக்கழக வகுப்பறைக்கு வந்து சேர்ந்த வழியை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

வர்ஜீனியா ஹாட்ஜ்கின்சன் பெயரிலான பரிசும் அப்படிப்பட்டதே. 1980-இல் ஜான் கார்ட்னரும் பிரையன் ஓ'கானலும் நிறுவிய இண்டிபெண்டன்ட் செக்டார் என்ற கூட்டமைப்பில் அவர் ஆய்வுப் பொறுப்பை வகித்தார். அமெரிக்கர்களின் கொடையையும் தன்னார்வ உழைப்பையும் அளக்கும் தேசியக் கணக்கெடுப்புகள் அவர் காலத்தில் உருப்பெற்றன. எண்ணிப் பார்க்க முடியாததாக இருந்ததை எண்ணக்கூடியதாக்கிய அந்தப் பொறுமையான உழைப்புக்கு இத்தகைய நினைவு தகும். யேல் திட்டத்தில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் பீட்டர் டாப்கின் ஹால் 2015-இல் மறைந்தார். கொடையின் வரலாற்று நூல்களுக்கான அர்நோவாவின் பரிசு அவர் பெயர் தாங்கியது. தாமே அந்த வரலாற்றைப் பல நூல்களில் அலசியவர் அவர். "இலாப நோக்கற்ற துறை" என்பதே அண்மைக்காலத்தில் உருவாக்கப்பட்ட ஒரு கருத்து என்று 1992-இல் அவர் எழுதிய நூல், துறையினரையே தங்கள் அடிப்படையைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

இந்த ஆய்வு அமெரிக்காவைத் தாண்டியும் பரவியது; அரசும் வணிகமும் அல்லாத இத்துறையை 'மூன்றாம் துறை' என்று குறிக்கும், மூன்றாம் துறை ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1992-இல் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1994-இல் ஹங்கேரியின் பேச் நகரில் கூடியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் இச்சங்கமும் ஆய்வேட்டு விருது வழங்குகிறது. அமெரிக்க வரிச்சட்டத்திலிருந்து பிறந்த சொற்களும் அளவுகோல்களும் வேறு நாடுகளின் கொடை மரபுகளுக்குப் பொருந்துமா என்ற விவாதம் இங்கே வலுப்பெற்றது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டவையே பெரிதும் பரிசீலனைக்கு வருவதால் அந்த விவாதம் ஓயவில்லை.

இன்னொரு சிக்கல் தொடக்கத்திலிருந்தே உண்டு. அறக்கட்டளைகளைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் கொடுப்பவையும் பெரும்பாலும் அறக்கட்டளைகளே. இண்டியானாவில் 1987-இல் எழுந்த கொடை ஆய்வு மையத்துக்குப் பின்னால் லில்லி அறக்கட்டளையின் ஆதரவு இருந்தது. இந்த நிலையில், எந்த ஆய்வு சிறந்தது என்ற முடிவைக் கொடையாளர்களிடம் விடாமல் சக ஆய்வாளர்களின் குழுவே எடுப்பதுதான் இவ்விருதுகளுக்கு நம்பகத்தன்மையைத் தருகிறது.