கழுதைகளில் தொற்று இரத்தசோகைப் பரிசோதனை

குதிரைத் தொற்று இரத்தசோகை என்பது குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகிய மூன்றுக்கும் வரும் வைரஸ் நோய். 1843இல் பிரான்சில் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. நோயை உண்டாக்குவது நுண்வடிகட்டியிலும் சிக்காத கிருமி என்பதை 1904இல் வல்லே, கர்ரே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். எச்.ஐ.வி.யும் அடங்கும் லென்டிவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது இது. மனிதருக்குத் தொற்றாது. ஒருமுறை உடலில் புகுந்தால் விலங்கின் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். குணப்படுத்தும் மருந்து கிடையாது.

காய்ச்சல், சோகை, வயிற்றடியில் நீர்க்கோப்பு, உடல் மெலிவு எனக் குதிரையில் நோய் வெளியே தெரியும். கழுதையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதன் இரத்தத்தில் வைரஸின் அளவு குதிரையில் இருப்பதைவிட மிகக் குறைவு. தீனி தின்னும், சுமை சுமக்கும். நோயில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லாததால், கழுதையைப் பொறுத்தவரை இரத்தப் பரிசோதனைதான் ஒரே சாட்சி.

நோயைப் பரப்புபவை குதிரை ஈ போன்ற பெரிய கடி ஈக்கள். இவற்றின் கடி கடுமையாக வலிக்கும். விலங்கு வாலைச் சுழற்றி விரட்டியதும், வாயில் ஒட்டிய இரத்தத்துடன் ஈ பக்கத்து விலங்கில் போய் அமரும். மனிதர் கையால் பரவுவதும் உண்டு. ஒரே ஊசியைப் பல விலங்குகளுக்குப் போடுவது அதில் முதன்மையானது. ஆகவே பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது ஒவ்வொரு கழுதைக்கும் புது ஊசி கட்டாயம்.

இரத்தம் கழுத்து நாளத்திலிருந்து எடுக்கப்படுகிறது. குதிரையில் பழகிய கைக்குக் கழுதையின் கழுத்து சற்றுத் தடுமாற்றம் தரும். தோல் தடிமனானது; கழுத்தின் நடுப்பகுதியில் ஒரு தோல்தசை நாளத்தை மூடியிருக்கும். மேல்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ நாளத்தைத் தேடி, ஊசியைச் சற்றுச் செங்குத்தாகச் செலுத்த வேண்டும்.

நிலையான சோதனை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லெராய் காகின்ஸ் உருவாக்கி 1970இல் வெளியிட்டது. ‘காகின்ஸ் சோதனை’ என்றே உலகெங்கும் அழைக்கிறார்கள். அகார் கூழ்த் தட்டில் நடுவே ஒரு குழி, சுற்றிலும் ஆறு குழிகள் வெட்டுவார்கள். நடுக்குழியில் வைரஸின் புரதம். சுற்றுக்குழிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக, நோயுற்றது என ஏற்கெனவே உறுதியான சீரமும் சோதிக்க வேண்டிய சீரமும் நிரப்பப்படும். புரதமும் சீரத்திலுள்ள எதிர்ப்பொருளும் கூழில் ஊறிப் பரவிச் சந்திக்கும் இடத்தில், 24 முதல் 48 மணி நேரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். கறுப்புப் பின்னணியில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அது கண்ணில் படும். சோதனைச் சீரத்தின் எதிரே கோடு தெளிவாக விழுந்து, பக்கத்துக் கோடுகளோடு இணைந்தால் தொற்று உறுதி. தனிக்கோடு விழாமல், பக்கத்துக் கோடுகளின் முனை மட்டும் உள்நோக்கி வளைந்தாலும் எதிர்ப்பொருள் கொஞ்சம் இருக்கிறது என்று பொருள். அனுபவமில்லாதவர் தவறவிடுவது இந்த வளைவைத்தான்.

எலிசா என்ற இன்னொரு சோதனை விரைவானது. குறைந்த எதிர்ப்பொருளையும் பிடித்துவிடும். ஆனால் பொய்யாகவும் ‘உண்டு’ எனக் காட்டக்கூடும் என்பதால், அதில் சிக்கியதைக் காகின்ஸ் முறையில் மறுபடி பார்ப்பார்கள். தொற்றிய பின் எதிர்ப்பொருள் தென்பட ஆறு வாரம்வரை ஆகலாம். எனவே ஒரேயொரு ‘இல்லை’யை நம்பிப் புதிதாக வாங்கிய கழுதையை மந்தையில் சேர்ப்பது ஆபத்து. சீம்பால் வழியே தாயின் எதிர்ப்பொருளைப் பெற்ற குட்டி, தொற்றே இல்லாமல் பல மாதங்கள் ‘உண்டு’ எனக் காட்டும். சீனாவில் இன்னொரு குழப்பம் இருந்தது. கழுதையின் வெள்ளணுக்களில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பூசியை 1970களில் ஹார்பின் கால்நடை ஆய்வு நிலையம் உருவாக்கியது. அதைப் போட்டுக்கொண்ட விலங்கும் நோயுற்ற விலங்கும் எதிர்ப்பொருள் சோதனையில் ஒன்றுபோலவே தெரிந்தன.

இந்தியாவில் ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்தகைய பரிசோதனைகளைச் செய்கிறது. 2012இல் சுமார் 3.2 லட்சமாக இருந்த நாட்டின் கழுதைகள், 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகச் சுருங்கிவிட்டன. எஞ்சியவற்றில் பல, ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம். தொற்று உறுதியானால் பல நாடுகளில் விலங்கைக் கொன்றுவிடுவார்கள். அல்லது மற்றவற்றிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி ஆயுள் முழுக்கத் தனியே கட்டி வைக்க வேண்டும். அதனால் முடிவை அறிவிக்கும் முன் இரண்டாவது முறை இரத்தம் எடுத்துச் சரிபார்ப்பது, அந்தக் கழுதைக்கும் அதை நம்பி வாழ்பவருக்கும் நாம் செய்தே ஆகவேண்டிய நியாயம்.