ஆவாரையா, ஆவிரையா?

போன மாதம் திருவாதவூர் போயிருந்தேன். ஊருக்குள் நுழையும் முன்னால் கண்மாய்க்கரை நெடுக ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கூட வந்த மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். "மாப்ள, இதுக்குப் பேரே மருந்துதான். சாவாரையும் பொழைக்க வைக்கிறதால ஆவாரை." வாட்ஸ்அப்பில் வந்த விளக்கமாம். அதை நம்பி ரெண்டு வாரமாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சரி, முதலில் பேரைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். தேடல் சுற்றிச் சுற்றி அதே ஊருக்கே வந்தது.

திருவாதவூர் என்றால் எல்லாருக்கும் மாணிக்கவாசகர்தான் நினைவுக்கு வருவார். கபிலர் பிறந்த ஊரும் இதுதான் என்கிறது பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடற் புராணம். கபிலருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியது, அதனால் ஊர்ப் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். நம்ம பூவும் அதில் இருக்கிறது. ஆனால் பேர் ஆவாரை இல்லை, ஆவிரை.

குறுந்தொகை 173-ஆம் பாட்டிலும் ஆவிரைதான். காதல் கைகூடாதவன் பனைமட்டைக் குதிரையில் ஏறி, ஊர் சிரிக்கத் தெருவில் வருவானே, அந்த மடலேற்றத்துக்கு உரிய மாலை இந்தப் பூவில் கட்டியது. கலித்தொகையில் பூளையும் எருக்கும் சேர்ந்துகொள்கின்றன. அன்று அவமானத்துக்குச் சூடிய ஆவாரையையும் பூளையையும்தான் இன்று வேப்பிலையோடு சேர்த்துப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம்!

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி தொல்காப்பியம். பனை, அரை, ஆவிரை என்று மூன்று மரப்பெயர்களுக்கு அதில் தனி விதியே இருக்கிறது. இவற்றோடு இன்னொரு சொல் சேரும்போது நடுவில் 'அம்' வரும். அரையைத் தவிர மற்ற இரண்டிலும் கடைசி 'ஐ' போய்விடும். பனை + காய் = பனங்காய். ஆவிரை + கோடு = ஆவிரங்கோடு. நாம் ஆவாரைப்பூ என்று சொல்லாமல் ஆவாரம்பூ என்கிறோமே, அது இந்த விதிதான். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இவ்வளவு பழைய விதி, பூக்காரம்மா வாயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது மாமாவின் விளக்கத்துக்கு வருவோம். ஆவாரை – சாவாரை என்ற எதுகை 'வா' இருந்தால்தான் நிற்கும். ஆவிரை – சாவாரை என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டாது. ஆக, பழமொழி பிறந்தது பேர் ஆவாரையாகத் திரிந்த பிறகு. பின்னால் வந்த பழமொழி முன்னால் இருந்த பேருக்குக் காரணமாக முடியாது. பழைய வடிவம் முழுசாக அழிந்துவிடவும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் பேதிக்கு வாங்கும் நிலாவிரை, நில + ஆவிரைதான்.

ஆ + விரை என்று பிரித்து, விரை என்றால் மணம் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. இந்தப் பூவை முகர்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மலையாளத்தில் ஆவிரம், கன்னடத்தில் ஆவரிகெ. பேர் பொதுச்சொத்து; தமிழில் மட்டும் வைத்து உடைத்துப் பார்த்து என்ன பயன்?

இதில் பாதியை மாமாவிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கபிலருக்கும் சுகர் இல்லங்கிற?" என்றார். சனிக்கிழமை கூட்டிப்போய் ரத்தம் எடுத்தோம். சாப்பாட்டுக்கு முன்னால் 240. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். காலையில் ஆவாரம்பூ டீயும் உண்டு. என்னைப் பார்த்தால் மட்டும் அதை ஆவிரை டீ என்கிறார்.