மூன்றே முக்கால் நாள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் போயர்டவுன் என்றொரு சிற்றூர். அந்தப் பக்கத்து நிலத்தடியில் ரெடிங் பிராங் எனப்படும் பழம்பாறைத் தொடர் ஓடுகிறது. அதில் யுரேனியம் ஊறிக் கிடக்கிறது. அது பாதியாகக் குறையவே சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆகும். படிப்படியாகச் சிதைந்து அது ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான்.

ரேடான் பிறப்பதே ஓர் உதையோடுதான். ரேடியம் ஆல்ஃபா துகளை ஒரு பக்கம் எறிந்த வேகத்தில், புதிய அணு எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. பாறைத் துணுக்கின் நடுவில் பிறந்த அணு அங்கேயே அடைபட்டு மடியும். ஓரத்தில் பிறந்தது மண்ணின் இடுக்கில் வந்து விழும். இதன் முன்னோர், பின்னோர் எல்லாரும் திடப்பொருள்கள். இந்த ஒரு தலைமுறை மட்டும் வாயு. நிறமும் மணமும் கிடையாது, எதனோடும் எளிதில் வினைபுரியாது. அதனால்தான் இதற்கு மட்டும் பயணம் வாய்க்கிறது. கையில் இருக்கும் காலமோ குறைவு. 3.8 நாளில் பாதி அணுக்கள் சிதைந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியத்தின் வழிவரும் இதன் தம்பி தோரானுக்கு அந்த அவகாசமும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் பாதி போய்விடும், தொலைவு போக முடியாது. ரேடானுக்குக் கிடைத்த மூன்றே முக்கால் நாள், மண்ணிலிருந்து ஒரு வீட்டுக்குள் ஏறப் போதும்.

குளிர்காலத்தில் வீடே அதை உறிஞ்சி எடுக்கிறது. கணப்பில் சூடான காற்று மேலேறிக் கூரை இடுக்குகளில் கசிய, நிலவறையில் காற்றழுத்தம் குறைகிறது. கான்கிரீட் விரிசல், குழாய் நுழையும் துளை, நீர் வடியும் குழி என்று கிடைத்த வழியில் மண்ணின் காற்று உள்ளே வருகிறது. சன்னலெல்லாம் சாத்தியிருப்பதால் வந்தது தங்கிவிடுகிறது.

1984 டிசம்பரில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த போயர்டவுன் பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ், கதிரியக்கச் சோதனை வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அபாயமணி அடித்தது. நிலையம் மின்சாரம் வழங்கவே தொடங்கியிருக்கவில்லை. ஒருநாள் காலை உள்ளே நுழைந்தவர், வேலையிடத்துக்குப் போகாமல் அப்படியே திரும்பி அந்த வாயிலில் நின்றார். அப்போதும் மணி அடித்தது. கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்! அவர் வீட்டில் அளந்தபோது ஒரு லிட்டர் காற்றில் ரேடானின் கதிரியக்கம் சுமார் 2,700 பிகோகியூரி. சரிசெய்தாக வேண்டும் என்று பின்னர் அமெரிக்க அரசு வகுத்த அளவு வெறும் 4. மனைவி மக்களோடு அவர் வெளியேற நேர்ந்தது. பக்கத்து வீட்டிலோ அப்படி ஒன்றும் இல்லை. இந்த விஷயத்தில் அடுத்த வீட்டை வைத்து நம் வீட்டைக் கணிக்கவே முடியாது.

மூச்சோடு போகும் ரேடானில் பெரும்பகுதி மூச்சோடே வெளியே வந்துவிடும். தீங்கு அதன் பிள்ளைகளால். ரேடான் சிதைந்து பிறக்கும் பொலோனியம் தூசியில் ஒட்டி, மூச்சுக்குழாய்ச் சுவரில் படிகிறது. சில நிமிடங்களிலேயே ஆல்ஃபா துகளை வீசுகிறது. ஒரு தாள் தடுத்துவிடக்கூடிய துகள்தான், ஆனால் மூச்சுக்குழாயின் உயிரணுக்களுக்கு அந்தத் தாளளவு மறைப்பும் கிடையாது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 21,000 பேர் இதனால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணித்துள்ளது. சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்களும் அதில் உண்டு. ஒரு சின்னக் கரி டப்பா முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடிய செய்தி இது என்பதுதான் மனதை அறுக்கிறது.

ரேடானை அளக்கும் அந்த உள்ளங்கை அகலத் தகர டப்பாவில் தூண்டப்பட்ட கரி இருக்கும். ஆட்கள் புழங்கும் அடித்தளத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அதைத் திறந்து வைக்கிறார்கள். அரை நாள் முன்பே சன்னல்களைச் சாத்திவிட வேண்டும். இரண்டு நாளோ சற்றுக் கூடுதலாகவோ வைத்து, மூடி ஒட்டி, அன்றைக்கே ஆய்வகத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். தாமதித்தால் பிடிபட்ட ரேடான் வழியிலேயே கரைந்துபோகும். கரிக்குள் பிறந்த ஈயமும் பிஸ்மத்தும் வீசும் காமா கதிரை ஆய்வகத்தில் எண்ணுகிறார்கள். ஒரு வருடம் வரை வைக்கும் பிளாஸ்டிக் சில்லு வகையும் உண்டு. ஆல்ஃபா துகள்கள் அதில் வடுக்களாகப் பதிகின்றன. பருவத்துக்குப் பருவம் அளவு மாறுவதால் எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

அளவு அதிகமென்று தெரிந்தால், விரிசலைப் பூசுவது மட்டும் போதாது, ரேடான் வேறு இடுக்கு தேடிக்கொள்ளும். நிலவறைத் தளத்தில் ஒரு துளை போட்டு, அடியில் ஒரு வாளி மண்ணை அள்ளிவிட்டு, நான்கு அங்குல பிவிசி குழாயை இறக்குகிறார்கள். குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய், இடையில் இரவும் பகலும் ஓடும் ஒரு விசிறி வைக்கிறார்கள். இப்போது வீட்டைவிடத் தளத்தின் அடியில் அழுத்தம் குறைவு. விரிசலருகே புகைக்குச்சியைப் பிடித்தால் புகை கீழ்நோக்கி இழுபடும். குழாயில் ஒட்டிய யு வடிவச் சிறு குழலில் நிற எண்ணெய் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நிற்கும். இரண்டும் சமமாக நின்றால் விசிறி ஓடவில்லை என்று அர்த்தம். வாட்ரஸ் குடும்பம், வீட்டைச் சரிசெய்த பிறகு சில மாதங்களில் அதே வீட்டுக்குத் திரும்பியது.

கூரைக்கு மேல் வெளியேறிய அணு காற்றில் கலந்து அலையும். சிதைந்து பொலோனியமாகி, தூசியில் ஒட்டி, ஏதோ ஒரு மழையில் மண்ணிறங்கும். பாதியாக 22 ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஒருவகை ஈயமாக அங்கே கிடந்து, மேலும் சில சிதைவுகளுக்குப் பின் இனிச் சிதையாத ஈயமாக நின்றுவிடும்.